குடத்துக்கும் அண்டாவுக்கும் நடுவே ஒரு கிதார்

அரசுப் பணத்தில் வாங்கிய எந்தப் பொருளையும், அது மேசையானாலும் மண்வெட்டியானாலும், உரிய அலுவலரின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி இல்லாமல் வெட்டவோ, தேய்க்கவோ, உருவத்தை மாற்றவோ கூடாது என்பது விதி. இதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லியே கண்காணிப்பாளர் நாற்காலியில் காலம் தள்ளியவன் நான். விதியை எழுதியவர்கள் மேசையை யோசித்தார்கள், மண்வெட்டியை யோசித்தார்கள். மின்சாரக் கிதாரை யோசிக்கவில்லை. அண்டாவை நிச்சயமாக யோசிக்கவில்லை.

நான் சொல்லும் அண்டா ஓர் ஆள். விருதுநகரில் எங்கள் அலுவலகத்துத் தபால் எழுத்தர். ஊதுபத்திக்கு அண்ணன் மாதிரி இருப்பார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். கொதிக்கிற சாம்பார் அண்டாவைக் கட்டிப்பிடித்து அளவெடுக்கப் போன அரசு ஊழியர் இந்த மாநிலத்திலேயே அவர் ஒருவர்தான் என்று அடித்துச் சொல்வேன். மறுக்க விரும்புகிறவர்கள் தக்க ஆதாரத்துடன் விண்ணப்பிக்கலாம்.

மனிதருக்கு உட்காரத் தெரியாது. நின்றுகொண்டே தபால் பிரிப்பார், நடந்துகொண்டே முத்திரை குத்துவார். அரைப் பக்கக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பியிருப்பார். அவருடைய நாற்காலியை வேறு பிரிவுக்குக் கொடுத்துவிட்டோம். பல மாதம் கழித்துத்தான் அவர் அதைக் கவனித்தார்.

கிதார் வந்த கதை சுருக்கமானது. ஒரு மார்ச் மாதக் கடைசியில் மனமகிழ் மன்றத்துக்கு ஒதுக்கிய பணம் மிச்சம் இருந்தது. செலவாகாத பணம் என்பது அலுவலகத்துக்குள் பிடிபட்ட பாம்பு மாதிரி. ஏப்ரல் பிறப்பதற்குள் எங்காவது கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். மின்சாரக் கிதார் ஒன்றும் அதற்கான ஒலிப்பெட்டியும் வாங்கினோம். இருப்புப் பதிவேட்டில் ‘கம்பியுள்ள மின்கருவி’ என்று ஏற்றி, கிதாரின் வயிற்றில் வெள்ளைப் பெயின்டால் எண் எழுதினோம். ஃபேனுக்கும் பீரோவுக்கும் எழுதுகிற அதே கை, அதே பிரஷ்.

வாசிக்கத் தெரிந்தவர் அண்டா ஒருவர்தான். கல்லூரிக் காலத்தில் மெல்லிசைக் குழுவில் இருந்தவராம். மாலை ஐந்தே முக்காலுக்கு மேல் பதிவறையிலிருந்து சத்தம் வரும். அதுவும் நின்றுகொண்டுதான். கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஒருநாள், பதிவறை இரும்பு பீரோவின் கதவு சரியாக மூடுவதில்லை என்று எனக்குச் செய்து காட்டினார். அன்றைக்கென்று அது சரியாக மூடிக்கொண்டது.

இடது கை ஆள்காட்டி விரல் அதற்குப் பிறகு முழுதாக நிமிரவில்லை. சும்மா நிற்கும்போதும் யாரையோ ‘இங்கன வா’ என்று கூப்பிடுகிற மாதிரியே வளைந்திருக்கும். கூப்பிட்டதாக நினைத்து வந்து நின்ற கடைநிலை ஊழியர்கள் பலர்.

கிதாரில் அந்த விரல்தான் ஆறு கம்பிகளையும் குறுக்காகப் படுத்து அமுக்க வேண்டுமாம். அவர் என்னை ஆபீசில் ‘சார்’ என்பார். காரியம் ஆக வேண்டுமென்றால் ‘அண்ணாச்சி’ ஆகிவிடுவேன். அன்று அண்ணாச்சி.

“அண்ணாச்சி, இந்த விரல் பலகை தோசைக்கல்லு மாதிரி தட்டையா இருக்கு. என் விரலு கொக்கி. ஓரத்துக் கம்பி அமுங்குது, நடுக் கம்பி அமுங்க மாட்டேங்குது. பலகை நடுவுல மேடா, குடத்து முதுகு மாதிரி இருந்துச்சுன்னு வைங்க, அதுவா வந்து விரலுக்குள்ள உக்காந்துக்கிடும்.”

“குடம் மாதிரியே வேணும்னு விண்ணப்பம் எழுதேன்.”

“அங்கனதான் இருக்கு சிக்கல். ரொம்ப உருண்டையா இருந்தா, கிதார் வயித்துப் பக்கம் வாசிக்கையில கம்பியைச் சாய்ச்சு இழுத்தம்னா மேட்டுல முட்டிச் சத்தம் செத்துப்போயிரும். அதுக்கு அகலமான வளைவு வேணும். தலைப் பக்கம் குடம், வயித்துப் பக்கம் அண்டா. பலகையில பதிச்சிருக்கிற குறுக்குக் கம்பியெல்லாம் புடுங்கிட்டுப் பலகையைத் தேய்ச்சு, மறுபடி அடிக்கணும். அம்புட்டுதான்.”

“அம்புட்டுதானா? அது அரசுச் சொத்துய்யா. சொந்தமா ஒண்ணு வாங்கி இஷ்டத்துக்குத் தேய்.”

“வீட்டுல விடுவாளா? நாள் பூரா வெடிக் கம்பெனியில இருந்துட்டு வாரா. மிக்சி ஓடினாலே யாரு அதுன்னு கேக்குறா.”

அவர் மனைவி மாரியம்மாள் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் சுற்றுகிறவர். ஆக, உலகத்தில் அண்டாவுக்கென்று இருந்தது அந்த ஒரே கிதார். அதில் வெள்ளைப் பெயின்டில் எண்.

சரியான வளைவு எது என்று கண்டுபிடிக்கும் வேலை தொடங்கியது. சிவகாசியிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வருகிற தினசரிக் காலண்டர்களின் அட்டைகளை எடுத்து, பல அளவில் வில் மாதிரி வெட்டிக்கொண்டார். ஒரு வில்லில் பாதி முருகன், ஒரு வில்லில் லட்சுமியின் கையும் நாணயங்களும். இவற்றைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பார்க்கிற பாத்திரத்தில் எல்லாம் பொருத்திப் பார்ப்பார். அடிபம்பில் குடம் வைத்த பெண்கள் அவரைக் கண்டால் குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்கள்.

மல்லாங்கிணற்றில் எங்கள் ஊழியர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலை காலியாக இருந்தது. சமையல் கொட்டகையிலிருந்து கூச்சல்.

“யோவ்! அடுப்புக்கிட்ட என்னய்யா பண்ற?”

“ஒண்ணுமில்லண்ணே. வளைவு பாக்கேன்.”

“சாம்பார்ல என்னய்யா வளைவு?”

“சாம்பார்ல இல்லண்ணே, அண்டாவுல.”

“மாப்பிள்ளை வீட்டு ஆளா நீ? குறை கண்டுபிடிக்க அனுப்பிச்சாகளா? கொதிக்குதுய்யா, தள்ளு!”

தள்ளியதில் அவர் அண்டா மேலேயே சாய்ந்தார். ஆண்டவன் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லை. சட்டையில் மட்டும் அண்டா விளிம்பின் கரி, அரைநிலா மாதிரி அச்சாக விழுந்திருந்தது. திங்கட்கிழமை அதைத் துவைக்காமல் கொண்டுவந்து, அட்டையை அதன்மேல் வைத்து, “கச்சிதமா இருக்கு சார்” என்றார். அன்றுதான் பெயர் நிலைத்தது. அந்தச் சட்டையை விண்ணப்பத்துடன் இணைக்கலாமா என்றும் கேட்டார். கோப்பில் கோர்க்கச் சட்டையில் ஓட்டை போட வேண்டியிருக்கும் என்று மறுத்துவிட்டேன்.

விண்ணப்பத்தை நானே எழுதினேன். பொருள், பார்வை, காரணம், செலவின்மைச் சான்று. ஒரு கமா குறையில்லை. மேலிடத்துக்குப் போனது. கோப்புகளெல்லாம் கணினியில் பறக்கிற இந்தக் காலத்திலும் எங்கள் மேலிடம் காகிதத்தை நம்புகிறது. காகிதம் யாரையும் அவசரப்படுத்துவதில்லை.

முதல் விளக்கக் கேள்வி வந்தது: வளைவு மேல்நோக்கியா, கீழ்நோக்கியா? பதில் அனுப்பினோம். இரண்டாவது கேள்வி: தேய்க்கும்போது உதிரும் மரத்தூள் எந்தக் கணக்கில் வரவு வைக்கப்படும்? நல்ல கேள்வி. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். மூன்றாவது கேள்விதான் அண்டாவை வராந்தாவில் இரண்டு சுற்று அதிகம் நடக்க வைத்தது: மாற்று விரல் பரிசீலிக்கப்பட்டதா?

என்னைக் கேட்காமலேயே அவர் பதில் எழுதிவிட்டார்: ‘மற்ற விரல்கள் அனைத்தும் ஏற்கெனவே பணியில் உள்ளன.’

அதற்குப் பிறகு மேலிடம் பேச்சை நிறுத்திக்கொண்டது. வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு கடிதமும் முதலில் அண்டாவின் கைக்குத்தானே வர வேண்டும். தபால்காரர் சைக்கிளை நிறுத்துவதற்குள் வாசலில் நிற்பார். உறையைக் கிழிக்கிற வேகத்தில் பல பேருடைய பதவி உயர்வு ஆணைகள் இரண்டாகப் பிரிந்தன.

இந்த நேரத்தில் புதிதாக வந்த அதிகாரி இருப்புச் சரிபார்ப்பு நடத்தினார். கிதார் மேல் தூசி. “யாராச்சும் வாசிக்கிறாகளா?” என்றார். விரல் கதையைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்.

“ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி அம்மன் கோயில்ல நம்ம ஊழியர் கச்சேரி வருசா வருசம் நடக்குதுல்ல? அன்னைக்கு நானும் வருவேன். இது மேடையில வாசிச்சா வச்சுக்கோங்க. இல்லைன்னா பழைய ஃபேனோட சேத்து ஏலத்துல விட்டுருங்க.”

அண்டா அன்று மதியம் சாப்பிடவில்லை. “சார், ஏலத்துல எவனாச்சும் எடுத்துக் கல்யாண மண்டபத்துல தொங்க விடுவான் சார்” என்று என் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்குத் தலை சுற்றியது.

“உக்காருய்யா.”

“முடியலை அண்ணாச்சி.”

விதியை மறுபடி ஒருமுறை வாசித்தேன். பலகையை விரலுக்கு ஏற்ப மாற்றக் கூடாது. விரலைப் பலகைக்கு ஏற்ப மாற்றுவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. விரல் அரசுச் சொத்து அல்ல. அதற்குள் வராந்தாவில் நடக்கத் தொடங்கியிருந்தவரிடம் இதைச் சொன்னேன். அவர் வராந்தாவின் பாதியிலேயே நின்றுவிட்டார். அவர் பாதியில் நின்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மாரியம்மாள் செய்து கொடுத்தார். வெடிக்குழாய் சுற்றுகிற பழுப்புக் காகிதத்தைப் பசை தடவி அடுக்கடுக்காகச் சுற்றி, வெயிலில் மரம் மாதிரி காயவைத்து, விரலின் உள்வளைவுக்குள் கச்சிதமாக உட்கார்ந்து அடிப்பக்கம் மட்டம் ஆகிற மாதிரி ஒரு கவசம். கழன்றுவிடாமல் இருக்க சணல் நூலால் கட்டி, பழக்க தோஷத்தில் நூலில் ஒரு வால் விட்டிருந்தார்.

“இதை மாட்டிக்கிட்டாச்சும் ஊரான் வீட்டுப் பாத்திரத்தைக் கட்டிப்பிடிக்கிறதை விடுங்க” என்று சொல்லிக் கொடுத்தாராம்.

ஆடிக் கடைசி வெள்ளி. இருக்கன்குடியில் தலைதான் தெரிந்தது, தரை தெரியவில்லை. மேடைக்கு எதிரே முதல் வரிசையில் பட்டாசுக் கம்பெனித் தொழிலாளர் குடும்பங்கள், நடுவில் மாரியம்மாள். ஓரத்தில் நாற்காலி போட்டு அதிகாரி. முதல் அம்மன் பாட்டு. ஆறு கம்பியும் அமுங்கி ஒன்றாக ஒலித்தன. அண்டா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் முகத்தை அலுவல் ரீதியாக வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பாட்டில் வியர்வை தன் வேலையைக் காட்டியது. பசை இளகியது. கையை ஒரு வீசு வீசியபோது கவசம் விரலிலிருந்து கழன்று, காற்றில் இரண்டு கரணம் அடித்து, முதல் வரிசைக்கு முன்னால் விழுந்து உருண்டது. பழுப்புக் காகிதம், உருளை வடிவம், ஒரு முனையில் நூல்.

வேறு எந்த ஊராக இருந்தாலும் குனிந்து எடுத்திருப்பார்கள். இங்கே முதல் வரிசை மொத்தமும் ஒரே ஆளாக எழுந்து, பதறாமல், எவ்வளவு தூரம் தள்ள வேண்டுமோ அவ்வளவு தூரம் தள்ளி நின்றது.

“ஏலே, திரி புகையுதா பாரு!”

“புகையலை. நமுத்த வெடி போல.”

“நமுத்ததுதாம்லே ஆபத்து. கிட்டப் போகாத!”

மாரியம்மாள் இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினார்: “அய்யோ, அது வெடி இல்லை! எங்க வீட்டுக்காரரு விரலு!”

அதற்குப் பிறகுதான் உண்மையான பீதி தொடங்கியது. மேடையில் ஒருவருக்கு விரல் போய்விட்டது என்ற செய்தி கோயிலை ஒட்டிய ஆற்று மணல் வரைக்கும் போய், திரும்பி வரும்போது கை என்று வந்தது. இதற்குள் யாரோ புண்ணியவான் ஒரு குடம் தண்ணீரைக் கவசத்தின் மேல் கவிழ்த்துவிட்டார். அது கூழாகிக் கிடந்தது. அதிகாரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

பாட்டு நிற்கவில்லை. தபேலா ஓடிக்கொண்டிருந்தது. அண்டா வளைந்த விரலைப் பார்த்தார், தட்டைப் பலகையைப் பார்த்தார். பிறகு அந்த விரலை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, கையைக் கிதாரின் வயிற்றுப் பக்கம் இறக்கி, மிச்ச விரல்களால் ஒரே ஒரு கம்பியைப் பிடித்து, சாய்த்து இழுத்தார். அவர் அதுவரை திட்டிக்கொண்டிருந்த அந்தத் தட்டைப் பலகையில் கம்பி முட்ட மேடு எதுவும் இல்லை. இழுக்க இழுக்கச் சத்தம் சாகாமல் ஏறிக்கொண்டே போனது. அழுகிற மாதிரியும் இருந்தது, வம்புக்கு இழுக்கிற மாதிரியும் இருந்தது. பாட்டு முழுவதையும் அந்த ஒரே கம்பியில் இழுத்தே வாசித்து முடித்தார். முதலில் குலவை போட்டது மாரியம்மாள். அப்புறம் முதல் வரிசை. அப்புறம் எது வரிசை என்றே தெரியவில்லை.

அதிகாரி மறுநாள் இருப்புப் பதிவேட்டில் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அண்டா என் மேசைக்கு வந்து, வயிற்றுப் பக்கத்தைத் தொடவே வேண்டாம், தலைப் பக்கத்துக்கு மட்டும் குடம் போதும் என்று விண்ணப்பத்தைத் திருத்த முடியுமா என்று கேட்டார். திருத்தம் கேட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும் என்றேன். அப்படியானால் அனுமதி வரட்டும், கொடுத்ததில் பாதியை மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று தீர்மானித்தோம்.

அனுமதி வருவதற்குள் எனக்குப் பணி ஓய்வு வந்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்தேன். முழுநேரமாக உட்காருவது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது அப்போதுதான் தெரிந்தது. கேஸ் சிலிண்டர்காரரிடம் ரசீது விதிகளைப் பற்றிப் பேசினேன். அவர் அதற்குப் பிறகு சிலிண்டரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறார்.

தீபாவளி முடிந்து, சிவகாசிப் பக்கம் கம்பெனிகளெல்லாம் பூட்டிக் கிடக்கிற வாரம். வாசலில் ஸ்கூட்டர் நின்றது, ஆனால் இன்ஜின் நிற்கவில்லை. அண்டா இறங்காமலேயே உறையை நீட்டினார். இந்த உறை கிழிபடாமல், ஓரமாக, பிளேடால் நறுக்கித் திறக்கப்பட்டிருந்தது. அனுமதி ஆணை. கோரியபடி வளைத்துக்கொள்ளலாம், பணி ஒரு பொறுப்பான அலுவலர் முன்னிலையில் நடைபெற வேண்டும்.

“வாங்க அண்ணாச்சி. கிளம்புங்க.”

“நான் ஓய்வு பெற்றவன்யா. என் முன்னிலை செல்லாது. புதுக் கண்காணிப்பாளரைக் கூப்பிடு.”

“அவரு வருவாரு, கையெழுத்துப் போடுவாரு. எனக்கு நீங்கள்ல வேணும்? ஒரே ஒரு பலகை. தப்பாத் தேய்ச்சா அம்புட்டுதான். நீங்க பக்கத்துல உக்காந்து நொட்டை சொல்லிக்கிட்டே இருந்தாத்தான் எனக்குக் கை நடுங்காது.”

உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, ஸ்கூட்டரில் பின்னால் ஏறினேன். பணி ஓய்வு பெற்ற பிறகு, நீங்கள்தான் வேண்டும் என்று ஒருவர் வந்து நின்ற முதல் நாள் அது. ஐப்பசி மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை.