மூன்றடித் தொட்டியில் சுண்ணாம்பு வதம்

கரும்பாலைக் கொப்பரைகளின் காவலன், எட்டு மணி நேரமும் கரும்புச்சாற்றில் சுண்ணாம்புப் பால் ஊற்றி அழுக்கறுக்கும் ஆற்றலோன், மூங்கில்துறைப்பட்டு ஈன்ற முழுமதி, மூன்றடி மீன்தொட்டியின் முடிசூடா மன்னன் தெய்வசிகாமணி வாழ்க! பகலெல்லாம் சுண்ணாம்பால் சோறு தின்றவன் மாலையெல்லாம் அதே சுண்ணாம்போடு பொருத கதையைப் பாடத் தொடங்குகிறோம். நாமகளே, நடுவில் எழுந்து போய்விடாதே.

வீடு கட்டியபோது மீந்த வெள்ளை மொசைக் சில்லுகளை அழகுக்கென அவனே பரப்பிய தொட்டித் தரையில், சுண்ணாம்பு குறைந்த மென்னீரில் மட்டுமே உயிர் வாழும் மெல்லியலாளாய் ஒரு சிவப்புத் தண்டுச் செடி நின்றது. அவளுக்கு வாய்த்ததோ ஆழ்துளைப் போர் தண்ணீர்: குடத்தில் வெண்படலம் போர்த்துவது, வெந்நீர்ப் பானையில் பாறை பிடிப்பது, சோப்பை நுரைக்கவிடாமல் கழுத்தை நெரிப்பது. நீரின் கடினம் காணும் மருந்தைச் சோதனைக் குப்பியில் சொட்டுச் சொட்டாய் விட்டான் வீரன்; சொட்டு ஏற ஏறச் சுண்ணாம்பும் ஏற்றம். ஆறாம் சொட்டில் பச்சையாக வேண்டிய நீர், இருபத்திரண்டாம் சொட்டு வரை கண் சிவந்து நின்றது. செடிக்கு மிஞ்சியது மூன்று இலை.

அப்போது அடுக்களைச் சிம்மாசனத்திலிருந்து அவன் மனைவி எழில்மதியின் ஆணை இடியென இறங்கிற்று:

"அடுத்த கிருத்திகைக்குள்ள அந்தச் செடி துளிர் வுடலன்னா, தொட்டியில கேவுரு கொட்டி வெச்சிப்புடுவேன், ஆமா. கண்ணாடியில எலி பூராது."

தொட்டி கேழ்வரகுக் குதிராகும் விதி கேட்டு நடுங்கின மீன்கள். நடுங்கினான் நாயகன். மொபெட்டின் இருபுறமும் இருபது லிட்டர் கேன்களைத் தூக்கிக் கட்டி, கல்வராயன் மலைமேல் படையெடுத்து, வளைவுதோறும் தும்பிக்கை தூக்கிய யானையென முன்சக்கரம் எழ, பாறை இடுக்கில் வழிந்த ஓடைநீரைச் சிறைபிடித்து வந்தான். ஞாயிறுதோறும் படையெடுத்தான். மலைநீரோ மூன்றே சொட்டில் பச்சையாகும் தூயநீர். தொட்டியில் ஊற்றிய நான்காம் நாளே பதினெட்டுச் சொட்டு கேட்டது! யார் செய்த சதி? குழாயை ஐயுற்றான், கேனை ஐயுற்றான், மீனையும் ஐயுற்றான்.

கிருத்திகைக்கு ஒன்பது நாள் இருக்கையில், எழில்மதி தொட்டி ஓரம் நின்று மோருக்கு எலுமிச்சம்பழம் பிழிந்தாள். தெறித்த துளி, ஜன்னலில் கிடந்த உபரி மொசைக் சில்லு ஒன்றின்மேல் விழுந்து சுர்ரென்று நுரைத்தது.

"இன்னாங்க, கல்லு பொங்குது? தெனம் சுண்ணாம்பு ஊத்துறவருக்கு இதுகூடவா தெரியல?"

அந்தோ! புளிப்புப் பட்டுப் பொங்கிய அந்தச் சில்லே சுண்ணாம்புக் கல், நாளும் நீரில் கரைந்த கல்! பகைவன் கோட்டை வாயிலில் இல்லை. கோட்டைத் தரையே பகைவன். தரை போட்டவனோ தலைவன். தோள்வரை கை நனைத்து, மறைந்த சில்லும் தப்பாமல் தடவித் தடவிப் பொறுக்கி, "எம் ஆழிக்குள் இனி உமக்கு இடமில்லை, ஓடிப் போமின்!" என்று முழங்கிக் கொல்லையில் கொட்டினான். அன்றே பழைய நீரை இறைத்துப் புது மலைநீர் நிரப்பினான். நீர் ஐந்து சொட்டில் பணிந்தது. கிருத்திகைக்கு மூன்று நாள் முன், செம்பவழக் கொழுந்தொன்று தலை நீட்டிற்று. கேழ்வரகு மூட்டை தோற்றுத் திண்டில் சாய்ந்தது. ஆலையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். மேஸ்திரிக்கு வடையும் கொடுத்தான்.

வாகை சூடிய தலை வாடுமுன், மறுமாதம், தொட்டிக் கண்ணாடியில் ஊர்ந்த மஞ்சள் நத்தையைக் கண்டு எழில்மதி அலறினாள். மீனெல்லாம் அவனுடையவை, நத்தை மட்டும் அவளுடையது. பெயர் குண்டு. தினமும் வெள்ளரித்துண்டு ஊட்டுவாள்.

"ஐயோ, குண்டு முதுவுல ஓட்டை வுழுதுங்க! இன்னா பண்ணித் தொலைச்சீங்க? என் குண்டுக்கு எதுனா ஆச்சுன்னா கேவுரு இல்ல, உங்களையே அதுல போட்டு மூடிருவேன்."

ஓடு கட்டச் சுண்ணாம்பின்றி உருகிக்கொண்டிருந்தது குண்டு. மூவுலகும் மூச்சடக்கிற்று. செடியின் கொழுந்தைப் பார்த்தான். நத்தையின் முதுகைப் பார்த்தான். மனைவியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. தான் முழங்கிய முழக்கம் நினைவுக்கு வர மீசை தாழ்ந்தது.

தெய்வசிகாமணி கொல்லைக்குப் போய், ஒரே ஒரு சில்லை எடுத்துக் கழுவி, தொட்டியில் போட்டான்.