தவளை வேகிற வீடு

"இந்த வீட்ல ஐஸ் ஃபேக்டரி ஏதாவது ஓடுதா?" என்று ஏலியம்மா கேட்டபோது, வர்க்கிச்சன் மீன் குழம்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் மாட்டிக்கொள்வோம் என்று முப்பது வருடத் தாம்பத்திய அனுபவம் சொன்னது.

"அச்சாயா, உங்களைத்தான். கறண்ட் பில்லைப் பாருங்க."

பார்த்தார். கப்பக்கிழங்கு தொண்டையிலேயே நின்றுவிட்டது. சலுகை விலைக்கான யூனிட் வரம்பைத் தாண்டியிருந்தது. தாண்டிய மிச்சத்துக்கு மட்டும் கூடுதல் விலை என்றால் பரவாயில்லை, முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் கூடுதல் விலை.

"எல்லாம் மாடியில இருக்கே, அந்தக் கம்ப்யூட்டர். ராப்பகலா அணையிறதே இல்ல. அடுத்த பில்லும் இப்படி வந்துதுன்னா, உங்க மக ஜின்சியைக் காக்கநாட்டு ஹாஸ்டல்ல கொண்டு விட்டுருவேன். அங்கே போய் அவங்க கறண்ட்ல வேலை பார்க்கட்டும். நான் சொன்னா சொன்னதுதான்."

சொன்னால் சொன்னதுதான் என்பது ஏற்றுமானூருக்கே தெரியும். வர்க்கிச்சன் தட்டைத் தள்ளிவைத்தார். மகன்கள் இரண்டு பேரும் கடல் தாண்டிப் போயாயிற்று. இந்த வீட்டில் சத்தம் போட்டுச் சிரிக்க மீதி இருப்பது இந்த ஒரு பெண்தான். இவளும் போய்விட்டால் சாயங்காலச் சாயாவை யாரோடு குடிப்பது? ஏலியம்மாவோடா? கர்த்தாவே, அவள் சாயாவோடு சேர்த்து வீட்டுக் குறை அத்தனையையும் ஊற்றித் தருவாள்.

மாடிக்கு ஓடினார்.

"மோளே, தூங்கப் போறப்பவாவது இதை அணைக்கக் கூடாதா?"

"சாச்சா, படம் வேகுது. நான் வரைஞ்சதையெல்லாம் கம்ப்யூட்டர் ஒண்ணொண்ணா சேர்த்து அசைய வைக்குது. நடுவுல அணைச்சா மறுபடி முதல்லேருந்து வேக வைக்கணும். பாதி வேக்காட்டுல இறக்கின சோத்தை நீங்க சாப்பிடுவீங்களா?"

"என்ன படம்?"

"கார்ட்டூன்தான். ஒரு தவளை குளத்துல குதிக்குது."

"எவ்வளவு நேரம் குதிக்கும்?"

"நாலு செகண்ட்."

"அது வேக?"

"மூணு நாள்."

வர்க்கிச்சன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "ஏன் கொச்சே, அந்தத் தவளை குளத்துக்கு நடந்து போகக் கூடாதா?"

ஜின்சி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவர் தீர்மானித்துவிட்டார். தவளை வேகட்டும். மற்றது எல்லாவற்றையும் அணைப்போம்.

முதலில் மோட்டார். ஏலியம்மா சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து அதன் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மோட்டார் போயிடுச்சு ஏலியம்மே. கிணத்துத் தண்ணிதான் உடம்புக்கு நல்லது. நானே இறைச்சுத் தர்றேன்."

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்க."

"அவன் கொல்லத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கான்."

குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ, பசுவுக்கு, ஜாதிக்காய் மரத்துக்கு என்று வாளி வாளியாக இறைத்தார். ஒரு வாரம் ஓடியது. எட்டாம் நாள் கயிற்றோடு குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். ஏலியம்மாவும் ஜின்சியும் மடங்கினபடியே தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் சாய்த்தார்கள்.

இடுப்புக்குக் காலையும் மாலையும் வெந்நீர் ஒத்தடம் என்றார் வைத்தியர். ஏலியம்மா ஹீட்டரைப் போட்டாள். சுவருக்கு அந்தப்பக்கம் அது கொதிக்கிற சத்தம் கேட்கக் கேட்க வர்க்கிச்சனுக்கு இடுப்பை விட நெஞ்சு அதிகம் வலித்தது.

"எனக்குப் பச்சைத் தண்ணி ஒத்தடமே போதும்."

"பேசாம படுங்க. வலியில பிதற்றுறாரு பாவம்."

அதோடு நின்றிருந்தால் தேவலை. வர்க்கிச்சன் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று சர்ச் இடவகை வீடுகள் முழுக்கச் செய்தி பரவியது. ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் தூக்கிக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வருகிறவர்கள் வியர்வையைத் துடைத்தபடி முதலில் ஃபேன் சுவிட்சைத்தான் தேடினார்கள். காஞ்ஞிரப்பள்ளியிலிருந்து ஏலியம்மாவின் தங்கச்சி தெய்யாமா பெட்டியோடு வந்து இறங்கினாள்.

"அத்தானை இந்த நிலையில விட்டுட்டுப் போக மனசு வருமா? சேச்சி, அந்த சீரியலைப் போடு. அந்த ஆரஞ்சை மிக்சியில ஒரு அடி அடி."

கட்டிலில் படுத்தபடி வர்க்கிச்சன் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒவ்வொரு சுற்றிலும் ஜின்சியைக் காக்கநாட்டுக்கு ஒரு அடி தள்ளிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் தாங்க முடியாமல், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம், சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து போய்க் கூடத்து ஃபியூஸையும் பிடுங்கினார். ஃபேன், டிவி, மிக்சி, வாசல் மணி, எல்லாம் செத்தன. தெய்யாமா வியர்த்து வழிந்து அன்று சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பினாள்.

"மாடியில மட்டும் எப்படி அத்தான் கறண்ட் இருக்கு?" என்று போகிற போக்கில் கேட்டாள்.

"அது வேற வயரிங்" என்று முனகிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக் குழு மொத்தமும் வருகிறது என்று தகவல் வந்தது. நாற்பது பேர். கறண்ட் இல்லை என்று சொன்னால், ஜான்குட்டி வயர்மேனையும் கையோடு கூட்டி வருவார்கள். அவன் வந்து சட்டைப் பையைத் தடவினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"ஏலியம்மே, சாயா போட்டுப் போட்டு உன் கையெல்லாம் ஓய்ஞ்சு போச்சு. கேட்டை வெளியே பூட்டிரு. நாம பின்னால ரப்பர் தோட்டம் வழியா போய் வரலாம். வர்றவங்க ஆளில்லன்னு போயிடுவாங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணவன் உருப்படியாக ஒரு வார்த்தை சொன்னதாக ஏலியம்மாவுக்குத் தோன்றியது. அன்றே பூட்டு தொங்கியது. ஜன்னல்களையும் சாத்தினார்கள். பிரார்த்தனைக் குழு கேட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு, வெளியே நின்றபடியே ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போனது. வர்க்கிச்சனுக்கு நிம்மதியில் கண் கலங்கியது. மாடியில் தவளையின் அடுத்த குதிப்பு சத்தமில்லாமல் வெந்துகொண்டிருந்தது.

அடுத்து யாரும் வந்துவிடக் கூடாதென்று பூட்டை எடுக்கவே இல்லை. பிறகு பில் வந்தது. கேட்டின் கம்பிக்குள் சுருட்டிச் செருகியிருந்ததை ஏலியம்மா எடுத்து வந்து விரித்தாள்.

"அச்சாயா."

அந்தக் குரலிலேயே வர்க்கிச்சனுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"போன தடவை தொகைதான். ஒரு ரூபா குறையல. மோட்டார் இல்ல, ஃபேன் இல்ல, டிவி இல்ல. அப்பவும் இவ்வளவுன்னா மொத்தத்தையும் தின்னது அந்தக் கம்ப்யூட்டர்தானே?"

வர்க்கிச்சன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பில்லை எட்டிப் பார்த்தார். இத்தனை வாளி, இத்தனை வியர்வை, ஒடிந்த இடுப்பு. எல்லாவற்றையும் ஒரு தவளை விழுங்கிவிட்டதே!

ஏலியம்மா ஹாஸ்டலுக்குப் போன் போட்டாள். ஜின்சி துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். அவள் சிரிக்காமல் இருப்பது வர்க்கிச்சனுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"போகாதே மோளே. நான் மெழுகுவத்தியில இருக்கேன். வேணும்னா கட்டிலை விற்கலாம்."

"கட்டிலுக்கு எதுக்கு சாச்சா கறண்ட்?" என்றவள் அழுதுவிட்டாள்.

அப்போது ஜன்னல் இடுக்கு வழியே எதிர்வீட்டு மதிலோரம் காக்கிப் பை ஒன்று தெரிந்தது. மீட்டர் எடுக்கிற சுனிதா. வர்க்கிச்சன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பின்வாசல், ரப்பர் தோட்டம், சுற்றுவழி என்று நொண்டியபடி ஓடினார். பில்லைத் தூக்கிக்கொண்டு ஏலியம்மா பின்னாலேயே ஓடினாள்.

"நில்லு கொச்சே! உன் மெஷின்ல பேயா பிடிச்சிருக்கு? நாங்க இருட்டுல கிடந்து வெந்தோம். என் மகளை வீட்டை விட்டு அனுப்புறாங்க. எங்க மீட்டர்ல என்னத்தைப் பார்த்து இவ்வளவு எழுதினே?"

சுனிதா அவரை மேலும் கீழும் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயோ, நீங்க ஊர்லதான் இருக்கீங்களா? கேட்டுல பூட்டு தொங்குது, பெல்லை அழுத்தினா சத்தமில்ல, ஜன்னலெல்லாம் சாத்திக் கிடக்கு. குடும்பத்தோட வேளாங்கண்ணி போயிட்டீங்கன்னு நினைச்சு, மீட்டரைப் பார்க்காமலே போன தடவை தொகையைத்தான் அப்படியே எழுதிப்போட்டேன் அச்சாயா!"