சம்பந்திக்குக் கத்தியைத் திருப்பி அனுப்புவது குறித்து

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி பொங்கியண்ணன் அவர்களுக்கு, கிணத்துக்கடவிலிருந்து தம்பிதுரை எழுதுவது. இங்கே நானும் சாந்தாமணியும் தென்னை மரங்களும் சௌகரியம். அங்கே தாங்களும், வீட்டில் அம்மணியும், மாப்பிள்ளையும், எங்கள் புவனாவும் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெள்ளகோவிலில் மழை உண்டா என்று விசாரிப்பது முறை என்பதால் விசாரிக்கிறேன். இருக்காது என்று தெரியும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் "அதுக்கென்னங்க சம்பந்தி, உடுங்க" என்று வைத்துவிடுவீர்கள். விஷயம் அப்படி விடக்கூடியதல்ல. நீங்கள் ஆசையாகப் புவனாவிடம் கொடுத்தனுப்பிய மடக்குக் கத்தியைக் கூரியரில் திருப்பி அனுப்பப் போகிறேன். கோபப்படுவதானால் முழுவதும் படித்த பிறகு படவும்.

சாந்தாமணிக்குப் பக்கவாதம் வந்து கால் ஒருவாறு தேறிவிட்டாலும் வலது கை தேறவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பயிற்சிக்காக அவளைக் கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் கூட்டிப் போகிறேன். சர்க்கரை இருப்பதால் வழியில் ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும். வீட்டில் நறுக்கி டப்பாவில் கொண்டுபோனால் கறுத்துவிட்டது என்று தொடமாட்டாள். அங்கேயே, அப்போதே, மெல்லிசாக நறுக்கிய கொய்யாதான் வேண்டும். அதனால் சட்டைப் பையில் கத்தி இல்லாமல் நான் வெளியே கிளம்புவதில்லை. மேட்டுப்பாளையம் போனபோது மரக்கைப்பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்று வாங்கினேன். அதே வாரம் உங்களுடையது வந்து சேர்ந்தது. ஒரு கை அவளைப் பிடித்திருக்கும், மறு கையாலேயே திறக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று யோசித்து நீங்கள் தேடி வாங்கியதாகப் புவனா சொன்னாள். இப்படி யோசித்து வாங்க எனக்கே தோன்றவில்லை.

நான் பம்ப் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தவன். இரண்டு சாமான் இருந்தால் சோதிக்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். எலுமிச்சை, தேங்காய் நார், பார்சல் ஒட்டிய டேப், என் பழைய பெல்ட் எல்லாவற்றையும் இரண்டாலும் அறுத்தேன். எல்லாவற்றிலும் உங்களுடையதே ஜெயித்தது. மரக்கைப்பிடிக்காரனை நகத்தால் இழுத்துத் திறக்க வேண்டும், அதற்கு இரண்டு கையும் வேண்டும், என் நகம் வேறு உடைந்துபோனது. சரி, சம்பந்தி கத்திதான் என்று முடிவு செய்து அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஈச்சனாரி தாண்டியதும் இவளுக்குப் பசி வந்தது. கொய்யாவை அவள் இடது கையில் பிடித்துக்கொண்டாள். நான் கட்டை விரலால் ஒரு தட்டு தட்டினேன். உங்கள் கத்தி திறக்கிற சத்தம் இருக்கிறதே, அது பழம் நறுக்குகிற கத்தியின் சத்தமே இல்லை சம்பந்தி. முன் சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போனார், பின் சீட்டுக்காரர் முன்னால் போனார். கண்டக்டர் தள்ளி நின்றபடியே, "ஏனுங்கய்யா, எங்க எறங்கோணும்னு மட்டும் சொல்லுங்க. ஸ்டாப்பிங் இல்லீனாலும் நிறுத்திப்போடறோமுங்க" என்றார். சொன்னபடியே பயிற்சி நிலையத்தின் வாசலில் நிறுத்தினார். பஸ்ஸே நின்று எங்களைப் பார்த்தது. எனக்கு மானம் போய்விட்டது. இவள் சிரிக்கிறாள். நோவு வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சிரித்தாளே தவிர, கையைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் மாறிவிடும். பயிற்சி சொல்லித் தருகிற கீதா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து தினமும் பிசையச் சொன்னார். இது என்ன சப்பாத்தி மாவா, பிசைந்தால் யாருக்குப் பசி ஆறும் என்று இவள் அதைக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டாள். அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள். யாராவது உறவுக்காரர் வந்தால் இன்னும் இறுக்கி மூடுவாள். இனி அது அவ்வளவுதான் என்று அவளே தீர்மானித்துவிட்டது எனக்குப் புரிந்தது.

பஸ்ஸில் நடந்ததற்குப் பயந்து அடுத்த முறை மரக்கைப்பிடிக் கத்தியைக் கொண்டுபோனேன். பஸ் ஸ்டாண்டில் அதைத் திறப்பதற்காக இவள் கையை ஒரு நிமிஷம் விட்டேன். சரிந்துவிட்டாள். நல்லவேளை, பக்கத்தில் இளநீர் வண்டி இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸே ஓடினாலும் பரவாயில்லை, இனி உங்கள் கத்திதான் என்று திரும்பவும் முடிவு செய்தேன். ஆனால் பாருங்கள், அதற்கடுத்த முறை சட்டையை மாற்றிப்போட்டுக் கிளம்பிவிட்டேன். உங்கள் கத்தி வாஷிங் மெஷினுக்குள் சுற்றிக்கொண்டிருக்க, என் பையில் பழையபடி மரக்கைப்பிடி. அதே பஸ் ஸ்டாண்ட். இவள் இடது கையில் கொய்யா, பசியில் உதடு வெளுத்துவிட்டது. என் பிடியை விட எனக்குத் தைரியமில்லை. திறக்காத கத்தியை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டு நின்றேன்.

இவள் என்னையும் கத்தியையும் பார்த்தாள். பிறகு முந்தானையிலிருந்து அந்தக் கையை வெளியே எடுத்தாள்.

"நீங்க ஆடாம புடிங்க. நா இழுக்கறேன்."

விரல் வழுக்கியது. மறுபடி வைத்தாள். மறுபடி வழுக்கியது. நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. நான் வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். கத்தி பாதி வந்தது. மீதியை நானே தொடையில் தட்டித் திறந்திருக்கலாம். மனசு வரவில்லை. பாதிக் கத்தியிலேயே கொய்யாவைக் கீறி, கூடவே என் விரலையும் கீறிக்கொண்டேன். அவ்வளவு ருசியான கொய்யா நான் தின்றதில்லை.

அன்றிலிருந்து தினமும் கத்தியை நீட்டுகிறேன், இழுக்கிறாள். பாதி முக்கால் ஆனது. கீதா பார்த்துவிட்டு, பந்தையெல்லாம் தூக்கிப் போடுங்கள், இதையே செய்யுங்கள் என்றார். உங்கள் கத்தி நல்ல கத்தி. என் ஒரு கையாலேயே திறந்துவிடுகிறது. அதுதான் சம்பந்தி, அதன் குறை. அது பையில் இருந்தால் அவசரத்துக்கு நான் அதைத்தான் எடுப்பேன், இவள் கை மறுபடி முந்தானைக்குள் போய்விடும். அதனால்தான் திருப்பி அனுப்புகிறேன். தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாப்பிள்ளைக்கும் புவனாவுக்கும் எங்கள் ஆசீர்வாதம். அம்மணிக்கு எங்கள் வணக்கம். உங்கள் ஊர்ப் பக்கமும் மேகம் திரும்பட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மனம் நோகக் கூடாதென்று வேண்டும்
தம்பிதுரை

பின்குறிப்பு: கத்தியைக் கட்டுவதற்கு அட்டைப்பெட்டி தேடி உள்ளே போயிருந்தேன். திரும்பி வந்தால் சாந்தாமணி மரக்கைப்பிடிக் கத்தியைத் தன்னந்தனியாக முழுசாகத் திறந்து, கொய்யாவை நறுக்கித் தின்றுகொண்டிருக்கிறாள். துண்டுகள் கோணல்மாணல்தான். தின்று முடித்து, மடக்கி, தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "இது என்ற கத்தி. உங்குளுக்குத்தான் சம்பந்தி குடுத்தது இருக்குதல்லொ?" என்கிறாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் தள்ளுபடி செய்துவிடவும். கத்தி வராது. பெட்டியில் கொய்யா வருகிறது. அப்படியானால் இனி நடக்கும்போது நான் கையைப் பிடிக்க வேண்டியதில்லையா என்று கேட்டேன். "நா எப்ப வேண்டாம்னு சொன்னனுங்க?" என்றாள்.