உஸ்

ஸ்பீக்கரில் ஒட்டியிருந்த காதை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள் நோரீன். "உஸ்ஸுங்குது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றார் முதலாளி டூகல், டோனட்டைக் கடித்தபடி.

"மெல்றதை நிறுத்திட்டுக் கேளுங்க."

நிறுத்திவிட்டுக் கேட்டார். "சரி, லேசா கேக்குது. அதனால என்ன? மாதிரி போர்டை கஸ்டமர் பாத்துட்டு, பிரமாதம்னு சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமை முதல் பெட்டி போகணும்."

"அவங்களுக்குக் காது அவ்வளவுதான். எனக்கு நல்லாவே இருக்கு."

ஒட்டாவாவை ஒட்டிய கனாட்டாவில், யார் கேட்டாலும் சர்க்யூட் போர்டு வரைந்துகொடுக்கும் சின்னக் கம்பெனி டூகலுடையது. இந்த வாடிக்கையாளர் ரகசியப் பேர்வழி. ஒரு ஸ்பீக்கருக்குக் கரண்ட் கொடுக்க போர்டு வேண்டும் என்றதோடு சரி, என்ன கருவி என்று மூச்சுவிடவில்லை. ஸ்பீக்கர் என்றால் பாட்டுதான் என்று நோரீனே முடிவுகட்டி, கரண்டைச் சீராக்கித் தரும், இரைச்சலே இல்லாத உயர்ந்த ரக ரெகுலேட்டர் சிப்பைப் போட்டிருந்தாள். அதுதான் இப்போது சீறிக்கொண்டிருந்தது.

"இரைச்சலை உறிஞ்சவேண்டிய கெப்பாசிட்டர் தள்ளி நிக்குது. சிப்போட காலை ஒட்டி இருக்கணும்," என்றாள்.

"அங்க திருகு ஓட்டை இருக்கே?"

"ஓட்டை நகரட்டும்."

ஓட்டை நகர்ந்தது. சீறல் பாதியாகக் குறைந்தது. போர்டை வைத்து மூடும் பெட்டிதான், திருகு பொருந்தாமல், மூடவில்லை.

டூகல் மூடியை அமுக்கிப் பார்த்தார். "அம்மா தாயே, ஒரு ரப்பர் பேண்டும் சேத்து அனுப்பிடலாமா?"

நோரீன் போர்டைத் திருப்பிப் போட்டாள். கரண்ட் திரும்பிப்போக சிப்புக்கென்று தனி வழி, தனி கிரவுண்டு, இருந்தால் மிச்சச் சீறலும் அடங்கும் என்று, போர்டின் அடியிலிருந்த செம்புத் தகட்டைக் குறுக்கே கீறிப் பிளந்தாள். நேராகத் திரும்பவேண்டிய கரண்ட், பிளவைச் சுற்றி ஊர்வலம் போனது. சீறல் உறுமலானது.

பிளவுக்கு மேலே பாலம்போல ஒரு கம்பியைப் பற்றவைத்தாள். உறுமல் நின்றது. அப்பாடா என்று உட்காரப்போனபோது, ஸ்பீக்கருக்குள்ளிருந்து ஒருவன் ஹாக்கி ஆட்டத்தை வர்ணிக்கத் தொடங்கினான். கம்பி ரேடியோ ஆன்டெனாவாகிவிட்டிருந்தது.

டூகல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அதைக் கழட்டாத. ஸ்கோர் சொல்லட்டும்."

"சிரிக்காதீங்க."

"பழையபடி சீறுறதையே அனுப்பிடலாம் நோரீன். யார் கேக்கப்போறாங்க?"

"நான் கேப்பேன். அதை அனுப்பறதா இருந்தா, என் சம்பளத்தையும் இன்னிக்கே முடிச்சு அனுப்பிடுங்க."

டூகல் அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு வற்றிவிட்டது. "வெள்ளிக்கிழமை," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நோரீன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வரைந்தாள். சிப்பைப் பக்கவாட்டில் திருப்பினாள். கெப்பாசிட்டர் தானாக அதன் காலடியில் வந்து உட்கார்ந்தது. ஓட்டை பழைய இடத்துக்கே போனது. அடிச்செம்பை ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாக விட்டாள்.

வெள்ளிக்கிழமை டூகல் ஸ்பீக்கரில் காதை வைத்தார். "இன்னும் ஆன் பண்ணலையா?"

"பண்ணி ரொம்ப நேரமாச்சு."

அவர் வாயே திறக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

வாடிக்கையாளரின் வேனை ஓட்டிக்கொண்டு வந்த பிரிட்ஜெட், பூட்ஸிலிருந்த பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். நோரீன் அவளையும் விடவில்லை. "நீயும் கேளு. எவனும் இதுல ஒரு குறை சொல்ல முடியாது."

பிரிட்ஜெட் குனிந்து கேட்டாள். போர்டைத் தட்டிப் பார்த்தாள். மறுபடியும் கேட்டாள்.

"அந்த உஸ் எங்க போச்சு? அதுக்காகத்தானே உங்க மாதிரி போர்டைப் பிரமாதம்னு சொன்னோம்? இது உஸ்ஸுன்னு இரைஞ்சே கைக்குழந்தைங்களைத் தூங்கவைக்கிற மெஷினாச்சே."