நட்சத்திரத்தில் கட்டிய தொட்டில்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே ராமநாதபுரம் மழலைமுத்து கருத்தரிப்பு மையத்தின் வாசலில் செருப்பு விட இடமில்லை. ஆஸ்பத்திரிக்குள் போக எதற்குச் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இணையத்தில் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கிய இடம். கூடத்தின் சுவரில் அந்த ஐந்து நட்சத்திரத்தையும் பெரிதாக அச்சடித்து மாட்டியிருந்தார்கள். வந்தவர்கள் அதற்குச் சூடம் காட்டினார்கள்.

சுகந்தியும் செருப்பைக் கழற்றினாள். சாயல்குடிப் பக்கம் மிளகாய் போடுகிறவள். குண்டு வத்தலைக் காதருகே குலுக்கி, உள்ளே விதை சத்தம் போட்டால்தான் காய்ந்தது என்று ஒப்புக்கொள்வாள். வயது முப்பத்தொன்பது. “இனித் தள்ளிப் போடாதீங்க” என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். மிளகாய்க் கொல்லையை விற்ற காசு ஒரே ஒரு முயற்சிக்குத்தான் வரும். அந்த ஒன்றை எங்கே செய்வது என்பதைக் கணவன் ராம்குமாரின் கைபேசி முடிவு செய்தது.

“இத்தன ஆயிரம் பேரு பொய் சொல்லுவாகளா?” என்றான் ராம்குமார். எடை போடும் வியாபாரியை ஒரு நாளும் நம்பாதவன், முகம் தெரியாத ஆயிரம் பேரை ஒரே ராத்திரியில் நம்பிவிட்டான்.

சுகந்தி ஒருத்தியைத்தான் நம்பினாள். நட்சத்திரங்களுக்குக் கீழே திருவாடானைப் பூமயில் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். ‘மூன்று முறை கலைந்தது. இங்கே வந்தேன். இப்போது மடியில் இரண்டு. ஒன்று அழுதால் இன்னொன்றும் அழுகிறது.’ அந்தக் கடைசி வரியைப் படித்துத்தான் சுகந்தி கொல்லையை விற்கச் சம்மதித்தாள்.

தர்மராஜ் வந்தார். கூட்டம் எழுந்து நின்றது. அவர் டாக்டர் அல்ல, மையத்தின் முதலாளி. உடம்பில் வெள்ளைக் கோட்டு, நெற்றி நிறையத் திருநீறு. எந்தப் பக்கத்தையும் பகைத்துக்கொள்ளாத மனிதர்.

“கோயில் மரத்துல தொட்டில் கட்டுறீகளே, கட்டும்போது பிள்ள இருக்கா?”

“இல்ல” என்றது கூட்டம்.

“கட்டுனாத்தான வருது? இது நெட்டுல கட்டுற தொட்டில். பிள்ள பெறந்திருச்சுன்னே எழுதுங்க. மனசுல பாத்து எழுதுங்க. எழுதுனது பலிக்கும். ஒரு நட்சத்திரம் கொறஞ்சாலும் கரு தங்காது. மொதல்ல வாக்கு, அப்பறம் ஊசி.”

மரத்தில் தொங்கும் தொட்டில்களை எண்ணி, ஊரில் இத்தனை பிள்ளைகள் என்று யாரும் சொல்வதில்லை. அதே தொட்டில் கைபேசியில் தொங்கினால் சொல்கிறார்கள். படித்தவர்கள் இன்னும் உறுதியாகச் சொல்கிறார்கள்.

புதிதாக வந்தவர்கள் தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். ராம்குமார் வேகமாகத் தட்டினான். ‘ஆண் குழந்தை. மூன்றரைக் கிலோ.’

“எட எதுக்குங்க?” என்றாள் சுகந்தி.

“எட போட்டாத்தான் நம்புவாக.”

“யாரு?”

அவன் அதற்குள் அனுப்பிவிட்டான்.

பக்கத்து நாற்காலிக்காரி சாய்ந்தாள். “எழுத வரலையாக்கா? நான் சொல்லித் தாரேன். நான் எழுதுனத தர்மராஜ் அண்ணன் மைக்குல படிச்சே காட்டுனாரு.”

“பேரென்னத்தா?”

“பூமயிலு. திருவாடானை.”

சுகந்தி அவள் மடியைப் பார்த்தாள். மடியில் ஒரு துணிப்பை இருந்தது. பைக்குள் மாத்திரை அட்டைகள்.

“பிள்ளைகள வீட்டுல விட்டுட்டு வந்தியா?”

“இன்னும் இல்லக்கா. ரெண்டு தடவ ஊசி போட்டு நிக்கல. இது மூணாவது.”

“ஒண்ணு அழுதா இன்னொண்ணும் அழுகுதுன்னு…”

“மனசுல பாத்து எழுதச் சொன்னாருல்ல? பாத்தேன்.” பூமயில் பையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “நான் கமுதியக்கா ஒருத்தி எழுதுனதப் படிச்சுத்தான் வந்தேன். அவுகளுக்கு நெசமாவே பொண்ணு.”

“நீ பாத்தியா?”

“எழுதியிருந்தாகளே.”

சுகந்தி எழுந்தாள்.

“பிள்ள பெறந்திருச்சுன்னு எழுதுனவுக எல்லாரும் கையத் தூக்குங்க.”

ஏதோ பூசை என்று நினைத்துக் கூடமே தூக்கியது. ராம்குமாரின் கையும் எழுந்தது. தர்மராஜ் பூரித்துப் போனார்.

“அதுல பிள்ள வச்சிருக்கவுக மட்டும் எறக்காதீக.”

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பூமயிலின் கை முதலில் இறங்கியது. ராம்குமார் தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறக்கினான். கடைசியில் ஒரே ஒரு கை நின்றது. அது தர்மராஜின் கை. உட்காரச் சொல்லி நீட்டியது.

“அபசகுனமாப் பேசாத தங்கச்சி. வாக்கு பலிக்க நாளாகும்.”

“பலிக்கும்போது எழுதிக்கிறோம் சார்.”

தர்மராஜ் சுவரைப் பார்த்தார். நட்சத்திரங்கள் ஐந்தும் அங்கேயே இருந்தன. ஒன்றும் உதவிக்கு இறங்கி வரவில்லை.

சுகந்தி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“அவுகவுக எழுதுனது பொய்யின்னு அவுகவுகளுக்குத் தெரியும். பக்கத்துல இருக்கவுக எழுதுனது மட்டும் எப்படி மெய்யின்னு நெனச்சீக?”