சாவிக்கொத்துக்குக் கத்தி வாங்கச் சொன்ன மைத்துனருக்கு

என் மனைவியின் ஒரே தம்பியும், கேட்காமலே யோசனை வழங்கும் வள்ளலுமாகிய அன்பு மச்சானுக்கு,

உன் அக்காள் கணவன், மூத்தவன் என்ற முறையில் முதலில் ஆசியைச் சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன். இங்கே நானும் உன் அக்காவும் சுகமாக இருக்கிறோம். என் இடது கைக் கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் சுகமில்லை. அங்கே உன் பத்து விரல்களும் சௌக்கியமாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யோசனை சொல்கிறவன் விரலுக்கு எந்தக் காலத்திலும் ஒன்றும் ஆவதில்லை.

போன விடுமுறைக்கு நீ வந்திருந்தபோது, தபாலில் வந்த ஓர் அட்டைப்பெட்டியை நான் வீட்டுச் சாவியால் கீறித் திறந்துகொண்டிருந்தேன். பெட்டி திறந்துகொண்டுதான் இருந்தது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை. சோபாவில் சாய்ந்திருந்த நீ, ஏதோ நான் பல்லால் ஆணி பிடுங்குவதைப் பார்த்தவன் மாதிரி எழுந்து உட்கார்ந்தாய்.

"என்ன மாமா இது? சாவிக்கொத்துல ஒரு சின்னக் கத்திகூட இல்லாமலா இத்தனை வருஷமா வெளியே போயிட்டு வர்றீங்க?"

இத்தனை வருஷமாக வெளியே போய் ஒழுங்காக வீடு திரும்பியது எவ்வளவு பெரிய அலட்சியம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நீ ஊருக்குப் போன மறுநாளிலிருந்து என் போனுக்கு வீடியோக்களாக அனுப்பினாயே, அந்த உபகாரத்தை மறக்கமாட்டேன். எல்லாவற்றிலும் முகமே இல்லாத, இரண்டு கைகள் மட்டுமே உள்ள மனிதர்கள் கத்தியைக் கைக்குழந்தை மாதிரி திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். தாளை வெட்டிக் காட்டினார்கள். முன்கையில் முடியை மழித்துக் காட்டினார்கள். கத்தியின் அலகு திறந்ததும் பூட்டிக்கொள்ள வேண்டுமா, வேண்டாமா. கத்தரிக்கோல் உள்ளது நல்லதா, குறடு உள்ளது நல்லதா. முள்வாங்கி இல்லாத ஒன்றை வாங்கிவிட்டு நடுரோட்டில் முள் தைத்தால் என்ன கதி என்று நான் சாப்பிடும்போதும் யோசித்தேன், பத்தாம் வகுப்புக்கு வரலாறு நடத்தும்போதும் யோசித்தேன். உன் அக்கா ஒரு நாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "வீட்டுல நாலு கத்தி இருக்கு. அதுல எது வேணும்னு சொல்லுங்க, சரடு கட்டி இடுப்புல தொங்க விடறேன்" என்றாள். அவளுக்கு இந்தத் துறையில் ஞானம் போதாது என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் கடைவீதியில் இருக்கும் இரும்புச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று விரல் நீளம்கூட இல்லாத ஒற்றை அலகுப் பேனாக்கத்தி, இறகு மாதிரி இருந்தது. இன்னொன்றில் சின்ன அலகு, கத்தரி, நக அரம், முள்வாங்கி. மூன்றாவது ஒரு குறடு. அதன் வயிற்றுக்குள் கத்தி, ஸ்க்ரூடிரைவர், ஓப்பனர், அரம் என்று ஒரு பட்டறையே மடங்கிக் கிடந்தது.

"எதுக்கு சார் வேணும்?" என்றார் கடைக்காரர்.

"தேவைக்குத்தான்."

"என்ன தேவை?"

"அது வந்தாத்தானே தெரியும்."

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். நான் உனக்குப் போன் செய்தேன். "கத்தரி வச்சதெல்லாம் பொம்மை மாமா. குறடு வச்சதை எடுங்க. ஆம்பளைக்கு அழகு" என்றாய். கடைக்காரர், "சார், சாவியில தொங்க விடறதுக்கு இந்தச் சின்னதே தாராளம்" என்றார். ஆனால் அவர் வெறும் கடைக்காரர்தானே. அதை விற்றுப் பிழைப்பவர். நீயோ அறிவாளி. குறடு வைத்ததையே வாங்கினேன்.

மச்சான், அந்தக் கருவியின் பெருமையை என்னவென்று சொல்வேன்! சாவிக்கொத்தில் அது தொங்கவில்லை. அதில் என் சாவிகள் தொங்கின. நடந்தால் தொடையில் டொக் டொக்கென்று இடித்து, நான் வருவதை முழுத் தெருவுக்கும் முன்கூட்டியே அறிவித்தது. பேன்ட் பை முதலில் தொங்கியது, பிறகு ஓட்டையானது, பிறகு ஸ்கூட்டர் சாவி அந்த ஓட்டை வழியாக வெளியே வந்து உலகத்தைப் பார்த்தது. அலகைத் திறக்க நகம் வேண்டும். நான் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்கிற ஆசாமி. ஆகவே அலகைத் திறக்க ஒரு நாணயம் தேவைப்பட்டது. ஒரு கருவியைத் திறக்க இன்னொரு கருவி வேண்டும் என்று உன் இரண்டு கை மனிதர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. உன் அக்காவிடம் பெருமையாக ஒரு கொரியர் உறையை வெட்டிக் காட்டப்போய், உறைக்கு ஒரு சேதமும் இல்லாமல் கட்டைவிரலை வெட்டிக்கொண்டேன். கட்டுப் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "என் தம்பி சரியாத்தான் சொல்லியிருப்பான். நீங்கதான் தப்பா வாங்கியிருப்பீங்க."

இதெல்லாம் வீட்டோடு போயிருந்தால் நான் கடிதம் எழுதி உன் பொன்னான நேரத்தைக் கெடுத்திருக்கமாட்டேன். பள்ளிக்கூடம் என்று ஒன்று இருக்கிறதே. நான் அங்கே துணைத் தலைமையாசிரியர் என்பதும், தலைமையாசிரியை அம்மா இந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார் என்பதும், அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே நான் பல வருஷமாக நின்றுகொண்டிருக்கிறேன் என்பதும் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று. பிள்ளைகள் பிளேடு கொண்டுவந்து மேசையெல்லாம் பெயர் செதுக்குகிறார்கள் என்று, 'அலகுள்ள எந்தப் பொருளும், எவர் கையிலும், எக்காரணம் கொண்டும் வாயிற்கதவைத் தாண்டக் கூடாது' என்று ஒரு விதி இருக்கிறது. அதை எழுதிய புண்ணியவான் நானே. 'எவர் கையிலும்' என்ற சொற்களுக்குக் கீழே கோடு போட்டதும் நானே.

முதல் நாளே வாயிற்காவலர் என் சாவிக்கொத்தைப் பார்த்துவிட்டார். கடமை தவறாதவர் என்று ஆண்டு விழா மேடையில் நான்தான் அவருக்குப் பொன்னாடை போர்த்தினேன். அந்த நன்றியை அவர் காட்டினார்.

"சார், இதை வச்சிட்டுப் போங்க."

"நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன சார்? இந்த ரூலைப் போட்டதே நீங்கதானே."

பின்னால் எட்டாம் வகுப்பு முழுவதும் வரிசையில் நின்று, வரலாற்றுப் பாடத்தில் என்றைக்கும் காட்டாத கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. காம்பஸ், நகவெட்டி, ஒரு சவரக்கத்தி இவற்றோடு என் கருவியும் பெட்டிக்குள் போனது. தினமும் காலையில் கொடுப்பது, மாலையில் வாங்குவது. உன்னிடம் இதைச் சொல்லி அழுதபோது நீ என்ன சொன்னாய்? "தேவைப்படற நேரத்துல கையில இல்லைன்னா வாங்கினதுக்கு என்ன மாமா அர்த்தம்?" என்ன அருமையான கேள்வி! அதற்கு விடையாகத்தான், புதிய ஆய்வகத் திறப்பு விழா அன்று காலையில், அதைச் சாவியிலிருந்து கழற்றி வலது கால் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு பள்ளிக்குள் நுழைந்தேன். வாழ்க்கையில் நான் செய்த முதல் கடத்தல். கணுக்கால் எலும்பில் அது ஒவ்வொரு அடிக்கும் ஒரு குத்து குத்தியது. நொண்டியபடியே வணக்கம் சொன்னேன். காவலரும், "பாத்துப் போங்க சார், கால்ல அடியா?" என்று அன்பாகக் கேட்டார்.

விழாவுக்குப் பள்ளியின் தாளாளர் வந்திருந்தார். அடுத்த தலைமையாசிரியர் யார் என்று முடிவு செய்பவர் அவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரித்தால் சம்பள உயர்வு கேட்டுவிடுவார்கள் என்ற முன்ஜாக்கிரதையாக இருக்கலாம். ஆய்வக வாசலில் இரண்டு பூந்தொட்டித் தாங்கிகளுக்கு நடுவே சிவப்பு ரிப்பன். மைக்கில் தமிழாசிரியர். தாளாளர் கையை நீட்டினார். கைக்குக் கத்தரிக்கோல் வரவில்லை.

"கத்தரி எங்கே?" என்று தலைமையாசிரியை அம்மா உதடு அசையாமல் கேட்டார்.

"காலையில கேட்ல பிடுங்கிட்டாங்க மேடம்" என்றார் ஓவிய ஆசிரியை. "சார் போட்ட ரூலாம்."

காவலரைத் தேடினால், அவர் பெட்டிச் சாவியோடு தெருமுனையில் கார்களை ஒழுங்குபடுத்தப் போய்விட்டார். எல்லோருடைய கண்ணும் என் மேல். மச்சான், அந்த நொடியில் எனக்கு நீ தெய்வமாகத் தெரிந்தாய். இதற்காகத்தானே இத்தனை நாள் தொடையிலும் கணுக்காலிலும் இடி வாங்கினோம் என்று மண்டியிட்டு, முழுப் பள்ளியும் பார்க்க, சாக்ஸைக் கீழே இறக்கி அதை எடுத்தேன். ஓர் 'ஆ' எழுந்தது. தாளாளர் அதை வாங்கிப் பார்த்தார். கொஞ்சம் சூடாகவும் ஈரமாகவும் இருந்திருக்கும்.

"இதுல எது கத்தி?"

"உள்ள இருக்கு சார்." முதலில் அரம் வந்தது. மடக்கினேன். ஓப்பனர் வந்தது. ஸ்க்ரூடிரைவர் வந்தது. தமிழாசிரியர் மைக்கில், "இதோ, தாளாளர் அவர்கள் தம் பொற்கரங்களால் வெட்டுகிறார்... வெட்ட இருக்கிறார்... விரைவில் வெட்டுவார்..." என்று நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் தலைமையாசிரியை அம்மாவிடம் ஒரு நாணயம் கடன் வாங்கி அலகைத் திறந்து கொடுத்தேன். தாளாளர் ரிப்பன் மேல் வைத்து இழுத்தார். பட்டு ரிப்பன், மச்சான். உன் ஆட்கள் தாளைத்தான் வெட்டிக் காட்டினார்கள். இது வளைந்தது, நெளிந்தது, அலகோடு கூடவே வந்தது. ரம்பம் போடுவது மாதிரி அவர் முன்னும் பின்னும் அறுக்க, நான் பிடிமானத்துக்காக ஒரு முனையைக் குறட்டு முனையில் கவ்விக்கொள்ளலாம் என்று யோசனை சொல்ல, அவரும் கவ்வி ஓங்கி இழுக்க, ரிப்பன் அறவில்லை. பூந்தொட்டித் தாங்கி தொட்டியோடு சாய்ந்தது. மண் முழுவதும் அவருடைய பாலிஷ் போட்ட காலணிகள் மேல் கொட்டியது. அப்போது தலைமையாசிரியை அம்மா அமைதியாக முன்னால் வந்து, நடுவில் இருந்த முடிச்சின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். ரிப்பன் தானாக அவிழ்ந்து கீழே விழுந்தது. கைதட்டல் அடங்கிய பிறகு, சரியாக அந்த நேரத்துக்கு ஓடிவந்த காவலர், மூச்சு வாங்க எல்லோர் முன்னாலும் கேட்டார்:

"சார்! இது எப்படி சார் உள்ள வந்துச்சு?"

மைக் அணைக்கப்படவில்லை. "சாக்ஸ்ல" என்று நான் சொன்னது மைதானத்தின் கடைசி வரை கேட்டது.

தாளாளர் கருவியை மடக்கினார். திறந்தார். மறுபடி மடக்கினார். என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "உங்களைப் பத்தி யோசிச்சு வீட்டுக்குப் போன் பண்றேன்" என்று சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார். வேலை இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் அவர் யோசிப்பார். பதவி உயர்வை அல்ல. இப்போது வாயிலில் ஆசிரியர்கள் எல்லோரும் சாக்ஸைக் கழற்றிக் காட்டிவிட்டு உள்ளே போகிறார்கள். என்னிடம் யாரும் பேசுவதில்லை. பிள்ளைகள் மட்டும் பாசமாக 'கத்தி சார்' என்று கூப்பிடுகிறார்கள். விசாரித்தால், முன்பிருந்தே அந்தப் பெயர்தானாம். நான் பாடம் நடத்தி அறுக்கும் அழகைப் பார்த்து வைத்தது. இப்போதுதான் அதற்கு ஆதாரம் கிடைத்ததாம்.

ஆகவே மச்சான், இனி என் சாவிக்கொத்தில் சாவியைத் தவிர ஒரு குண்டூசிகூடத் தொங்காது. உன் கருவியை இந்தக் கடிதத்தோடு பொட்டலமாகக் கட்டி உனக்கே அனுப்புகிறேன். ஆம்பளைக்கு அழகல்லவா, நீயே அணிந்துகொள். இனிமேல் என் வீட்டுக்கு வந்தால் சாப்பிடு, தூங்கு, டிவி பார். நான் எதை எதால் திறக்கிறேன் என்று மட்டும் பார்க்காதே. உன் மனைவிக்கு என் அனுதாபங்களையும், குழந்தைகளுக்கு முத்தங்களையும் தெரிவிக்கவும். நீயும் நீடூழி வாழ்க, தூரத்திலேயே வாழ்க.

இப்படிக்கு,
உன்னை நம்பிய மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தாளாளர் போன் செய்தார். நாற்காலி எனக்குத்தானாம். "இக்கட்டுல யாருமே ஒண்ணும் செய்யாம நின்னாங்க. நீங்க ஒருத்தர்தான் எதையாவது எடுத்தீங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அன்று முதல் தூக்கமே இல்லை, அதே மாதிரி தனக்கும் ஒன்று வேண்டும், எது நல்லது என்று என்னையே தேர்ந்தெடுத்துத் தரச் சொன்னார். எனக்கு என்ன தெரியும்? எல்லாம் நீதானே. பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன், கருவி என்னிடமே இருக்கட்டும். மேலே எழுதியதையெல்லாம் பிரியத்தில் எழுதியதாக எடுத்துக்கொள்; இவ்வளவு எழுதிவிட்டுக் கிழிக்க மனசு வரவில்லை. நீ அடுத்த வண்டியிலேயே புறப்பட்டு வா, தங்கு, இரண்டு மாதமானாலும் தங்கு. அவருக்குப் பூட்டுள்ள அலகு வேண்டும், கத்தரி வேண்டும், முள்வாங்கியும் இருந்தால் நல்லதாம். முக்கியமாக, சாக்ஸுக்குள் வைத்தால் வெளியே தெரியக் கூடாதாம். வீட்டு வாசலில் அவர் மனைவி சட்டைப் பையையும் பேன்ட் பையையும் மட்டும்தான் சோதிக்கிறாராம்.