ஹம்மாத்தின் கொக்கு

"கொக்கு ஒண்ணுமே சாப்பிடலையாம்பா. இளைச்சுப் போச்சாம்," என்றார் நெடுஞ்செழியன், போனில் வந்த செய்தியைப் படித்தபடி. "இன்னா பதில் போடறது?"

ஹம்மாத் கணினியிலிருந்து தலையைத் தூக்கினான். "அது சாப்பிடறதுக்கு நிக்கல சார். சும்மா நிக்குது."

"அதான் ஏன்னு கேக்குறாங்க."

கோட்டூர்புரத்து மாடியில் இருந்த அந்தச் சின்ன நிறுவனத்துக்கு நெடுஞ்செழியன் முதலாளி. ஹம்மாத் மொபைல் விளையாட்டுகளை உருவாக்குபவன். அபிராமபுரத்துப் பள்ளி ஒன்று, தேர்வு பயத்தில் தூக்கமில்லாமல் தவிக்கும் பிளஸ் டூ மாணவர்களுக்காக, மனதை லேசாக்கும் விளையாட்டு ஒன்றைக் கேட்டிருந்தது. ஹம்மாத் தன் மனதுக்குப் பிடித்ததைச் செய்தான். ஓர் ஆறு. அதில் ஒற்றைக் காலில் ஒரு கொக்கு. எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் தண்ணீர் மெல்லத் தெளியும். மதிப்பெண் இல்லை, சத்தம் இல்லை, ஜெயிப்பதும் தோற்பதும் இல்லை.

மாணவர்களின் கைபேசிகளுக்கெல்லாம் பள்ளி அதை அனுப்பிவைத்தது. வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்கள். பிடிக்கவில்லையென்றால் கொக்கோடு ஹம்மாத்தும் வெளியே போக வேண்டியதுதான் என்று நெடுஞ்செழியன் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரிப்பு ஹம்மாத்துக்கு வரவில்லை.

பிள்ளைகள் ஆசைப்படுகிறார்களே என்று ஆற்றில் மீன் விட்டான். மறுநாள் செய்திகள் குவிந்தன.

"மயிலாப்பூர்ல இருந்து கேக்குறாங்க. மீனுக்குப் பதிலா சைவமா எதுனா தர முடியுமான்னு."

"கொக்குக்கா?"

"கொக்குக்குத்தாம்பா."

ஹம்மாத் ஆற்றில் விட்ட மீன்களையெல்லாம் எடுத்தான். பிறகு தயிர்சாதம் வைத்தான்.

"பாதியிலயே எந்திரிச்சுப் போயிடுதாம். முழுசா சாப்பிட வைக்கணுமாம்," என்றார் நெடுஞ்செழியன்.

முழுவதும் சாப்பிட்டால் ஒரு நட்சத்திரம் என்று மாற்றினான். அங்கேதான் கெட்டது.

"மத்த கொக்கெல்லாம் எவ்ளோ நட்சத்திரம் வாங்கியிருக்குன்னு காட்டணுமாம்."

"சார், போட்டியே வேணாம்னுதான் இதைச் செஞ்சேன்."

"நீ வேணாம்னா ஆச்சா நைனா? ஆடுறவங்களுக்கு வேணுமே!"

காட்டினான். அன்று மாலையே அடையாறிலிருந்து ஒரு செய்தி வந்தது: 'எங்கள் கொக்கு எதில் குறைச்சல்? அந்தக் கொக்குக்கு மட்டும் தனியாக டியூஷன் வைத்திருக்கிறார்களா?'

பயந்துபோய் நட்சத்திரங்களையே எடுத்துவிட்டான். கஷ்டப்பட்டு வளர்த்த கொக்கின் நட்சத்திரங்களைப் பிடுங்க நீ யார் என்று தி.நகர் முழுக்கத் திட்டியது போலிருந்தது.

ஹம்மாத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பதினேழு வயதுப் பிள்ளைகள் கொக்குக்காகவா இப்படிச் சண்டை போடுவார்கள்? அமைதிக்காகச் செய்த விளையாட்டு இருந்த நிம்மதியையும் கெடுத்துவிட்டதோ? திருவல்லிக்கேணிக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தவன், இறங்க வேண்டிய நிறுத்தத்தையே தவறவிட்டான்.

வெள்ளிக்கிழமை, மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு பள்ளிக்குப் போனான். மாணவர்களின் மனநல ஆலோசகர் ஆரோக்கியமேரி எழுந்து வந்து வரவேற்றார்.

"என்ன மாயம் சார் பண்ணீங்க? பசங்க நல்லாத் தூங்குறாங்க, சிரிக்கிறாங்க, படிக்கவும் செய்றாங்க. அடுத்த வருஷமும் உங்க கொக்குதான்."

"இல்ல மேடம்... ரொம்பக் கோவமா இருந்தாங்களே?"

"யாரு? எங்க பசங்களா?"

அவன் விடைபெற்று வெளியே வந்தான். வேலை பிழைத்துவிட்டது. எப்படி என்றுதான் தெரியவில்லை. வராந்தாவில் பிளஸ் டூ மாணவி ஒருத்தி, தூபா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவள், நிதானமாக பப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். முகத்தில் தேர்வின் நிழலே இல்லை.

"ஏம்மா, நட்சத்திரத்தை எடுத்ததுல உனக்கு வருத்தம் இல்லையா?"

"எந்த நட்சத்திரம்?"

"கொக்கோடது. அந்த விளையாட்டை நான்தான் செஞ்சேன்."

தூபா பப்ஸை அப்படியே பிடித்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவள் கண்களில் பக்தியே வந்துவிட்டது.

"நீங்கதானா அண்ணா அது! பிளஸ் டூ ஆரம்பிச்ச அன்னிக்கே எங்க போனையெல்லாம் அம்மாங்க பிடுங்கி வெச்சுக்கிட்டாங்க. இப்ப கொக்கைப் பாத்துக்கவே அவங்களுக்கு நேரம் சரியா இருக்கு, எங்க பக்கம் வர்றதே இல்ல!"